வெடித்த பெட்ரோல் டியூப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேங்கிலிருந்து இன்ஜின் வரை எரிபொருள் போகும் பாதையில் எங்கெல்லாம் அதிர்வும் அசைவும் இருக்கின்றனவோ அங்கெல்லாம் ஒரு துண்டு ரப்பர் டியூப் இருக்கும். இருசக்கர வண்டியில் அது அரை முழம்கூட இருக்காது. காரில் டேங்கின் மேல் ஒன்று, பில்டருக்கு இருபுறமும் ஒவ்வொன்று, இன்ஜின் அருகே ஒன்று என்று நான்கைந்து இடங்களில் இருக்கும். ஜெனரேட்டர், தண்ணீர் இறைக்கும் இன்ஜின், புல் வெட்டும் இயந்திரம் எதுவும் இதற்கு விலக்கல்ல. இந்த டியூபில் வெடிப்பு விழுந்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று வண்டி வைத்திருப்பவர்களும் வேலை பழகுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு, பட்டறையில் கண்டதையும் கையால் செய்ததையும் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வெடிப்பு என்று நான் சொல்வது டியூப் பிளந்து சிதறுவதை அல்ல. குதிகாலில் வரும் பித்தவெடிப்பைப் போல ரப்பரின் மேல் விழும் கீறல்களையே அவ்வாறு குறிப்பிடுகிறேன்.

டியூபின் மேல் மெல்லிய கீறல்கள் தெரிகின்றன, ஆனால் ஒரு சொட்டும் கசியவில்லை. தொடர்ந்து ஓட்டலாமா?

இதற்கு விடை சொல்ல, டியூப் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல எரிபொருள் டியூபில் மூன்று அடுக்குகள் உண்டு. உள்ளே எரிபொருளைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் அல்லது அதைவிட உயர்ந்த ஃப்ளூரோ ரப்பர், நடுவில் அழுத்தத்தைத் தாங்கும் நூல் பின்னல், வெளியே வெயிலையும் வெப்பத்தையும் உரசலையும் தாங்கும் ஓர் உறை. நீங்கள் பார்க்கும் கீறல் பெரும்பாலும் இந்த வெளியுறையில் விழுந்தது. அதனால்தான் இன்னும் கசியவில்லை.

இன்ஜின் ஆறிய பின் அந்த இடத்தை விரல்களுக்கிடையில் மெல்ல வளைத்துப் பாருங்கள். கீறல் வாய் திறந்து அதன் அடியில் வெள்ளை நூலோ சாம்பல் நிற நூலோ கண்ணில் பட்டால் அந்த வண்டியை எடுக்க வேண்டாம். நூல் தெரியவில்லை, ரப்பர் இன்னும் மெத்தென்று வளைகிறது என்றால், உடனடி ஆபத்து இல்லை. ஆனால் புதிய டியூபை வாங்கிவரும் நேரம் வந்துவிட்டது. வளைக்கவே முடியாமல் குச்சிபோல விறைத்திருந்தால், கீறலே இல்லாவிட்டாலும் அதன் காலம் முடிந்தது.

கசியவில்லை என்று உறுதியாகச் சொல்வதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். உள்ளடுக்கில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் நேராக அந்த இடத்தில் வெளியே வராது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நூல் பின்னலைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து, டியூபின் முனையில், அதை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்புக்கு அருகே வந்து நனைக்கும். பார்ப்பவர் கிளாம்ப் தளர்ந்துவிட்டது என்று நினைத்து முறுக்குவார், மறுநாளும் நனைந்திருக்கும். மேலும் பெட்ரோல் சூட்டில் உடனே ஆவியாகிவிடுவதால் சொட்டு என்று ஒன்றைப் பார்க்கவே முடியாமல் போகலாம். இன்ஜின் முழுதும் தூசி படிந்திருக்க, ஓரிடம் மட்டும் கழுவியதுபோலவோ பழுப்புக் கறை படிந்தோ இருந்தால், அங்கே நெடுநாளாகக் கசிவு இருக்கிறது என்று கொள்ளலாம்.

டேப் சுற்றியோ பசை பூசியோ வெடிப்பை அடைக்க முடியாதா?

முடியாது. இன்சுலேஷன் டேப்பின் பசையைப் பெட்ரோல் சில நிமிடங்களில் கரைத்துவிடும். சிலிக்கான் பசை பெட்ரோலில் ஊறி உப்பிக் கழன்று வரும். எப்பாக்சி பசை கரையாது என்றாலும், அது கல்லாக இறுகும் பொருள். அசைந்துகொண்டே இருக்கும் ரப்பரோடு அது ஒட்டி நிற்காது, ஓரத்தில் பெயர்ந்துவிடும். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவதுபோல இதற்கும் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சைக்கிள் டியூபை டயர் வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்கிறது. அதற்குள் இருப்பதும் வெறும் காற்று. இங்கே இரண்டும் இல்லை.

ஒட்டு நிற்காது என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஓரிடத்தில் வெடிப்பு தெரிகிறது என்றால் அந்த டியூப் முழுவதும் அதே வயது, அதே வெப்பம், அதே எரிபொருள். வெடிப்பு முதலில் எங்கே தெரிந்தது என்பது மட்டுமே தற்செயல். ஆகவே எரிபொருள் டியூபைப் பொறுத்தவரை பழுதுபார்ப்பது என்றாலே மாற்றுவதுதான். அதே நாளில் பொருத்தப்பட்ட மற்றத் துண்டுகளையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை.

ரப்பர் ஏன் வெடிக்கிறது? பெட்ரோலே அதைக் கெடுக்கிறதா?

மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ரப்பரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. சைலன்சர் குழாயின் பக்கத்தில் போகும் துண்டு முதலில் விறைப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் ஓசோன். அது இழுபட்டிருக்கும் ரப்பரை மட்டுமே வெட்டும். தளர்வாகக் கிடக்கும் ரப்பரை அவ்வளவாகத் தொடாது. அதனால் கீறலின் திசையைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். வளைவின் வெளிப்புறத்தில் டியூபின் குறுக்கே வளையம் வளையமாகக் கீறியிருந்தால், அது அளவுக்கு மீறி மடக்கப்பட்டிருக்கிறது. டியூபைச் செருகும் குழாய் மூக்கான நிப்பிளின் மேல் ஏறியிருக்கும் முனையில் நீளவாக்கில் பிளந்திருந்தால், துளை சிறிய டியூபைப் பெரிய நிப்பிளில் வலிந்து ஏற்றியிருக்கிறார்கள். புதியதைப் பொருத்தும்போது எதைத் திருத்த வேண்டும் என்பதைப் பழைய டியூபே சொல்லிவிடுகிறது. அதை உடனே குப்பையில் எறிந்துவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் உயர் மின்னழுத்த வயரைச் சுற்றியும் ஓசோன் உண்டாகும் என்பதால், அந்த வயரோடு டியூபை ஒட்டிக் கட்டுவதும் தவறு.

மூன்றாவதுதான் எரிபொருள். இன்றைய பெட்ரோலில் பல நாடுகளில் எத்தனால் கலக்கப்படுகிறது. 10 சதவீதமும் உண்டு, 20 சதவீதமும் உண்டு. எத்தனால் சாதாரண நைட்ரைல் ரப்பருக்குள் ஊறி அதை உப்பச் செய்கிறது. ரப்பரை மென்மையாக வைத்திருப்பதற்காகச் சேர்க்கப்பட்ட எண்ணெய்ப் பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவிடுகிறது. டியூபில் எரிபொருள் நிறைந்திருக்கும்வரை இது தெரியாது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி, டியூப் உள்ளே காய்ந்ததும், இழந்த பொருளுக்கு ஈடாக எதுவும் இல்லாமல் ரப்பர் சுருங்கி வெடிக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, ஆறு மாதம் நிறுத்திவைத்து எடுத்த அன்றே ஒழுகுகிறது என்ற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுதான். டீசல் வண்டிகளில் பயோடீசல் கலப்பும் பழைய வகை நைட்ரைல் டியூபுகளை இதேபோல் நலிவடையச் செய்யும்.

வெளியே எந்தக் கசிவும் இல்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் பிடிக்கிறது, நடுவில் தடுமாறுகிறது. டியூபைச் சந்தேகிக்கலாமா?

கட்டாயம் சந்தேகிக்க வேண்டும். பம்ப் இன்ஜினின் அருகே இருக்கும் வண்டிகளில், டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள டியூப் எரிபொருளைத் தள்ளும் பகுதி அல்ல, உறிஞ்சும் பகுதி. பழைய கார்களின் டயாஃப்ரம் பம்பும் பெரும்பாலான டீசல் இன்ஜின்களின் பம்பும் இந்த வகையே. உறிஞ்சும் பகுதியில் வெடிப்பு இருந்தால் எரிபொருள் வெளியே வருவதில்லை; காற்றுதான் உள்ளே போகிறது. பட்டறைகளில் 'காற்று இழுக்கிறது' என்பது இதைத்தான். இரவில் வண்டி நிற்கும்போது அந்த வெடிப்பின் வழியே காற்று புக, பம்ப் வரை ஏறி நின்ற எரிபொருள் மெல்ல டேங்குக்குத் திரும்பிவிடுகிறது. காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பதற்கு நான் நம்பும் வழி, பம்புக்குச் சற்று முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் எரிபொருள் டியூபைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்ப்பது. ஒருமுறை ஒரு டீசல் இன்ஜினில் பில்டர், பம்ப், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிய பிறகும் கோளாறு தீராமல் என்னிடம் வந்தார்கள். ஒளி ஊடுருவும் டியூபை வைத்து ஓடவிட்டதும், கடுகு கடுகாகக் குமிழிகள் வரிசை பிடித்து ஓடின. டேங்கின் மேல் இருந்த விரல் நீளத் துண்டு ஒன்றின் அடிப்பக்கத்தில், கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு பிளவு இருந்தது. அந்தத் துண்டை மாற்றியதும் குமிழிகள் நின்றன. சோதனைக்கு வைத்த டியூபை அப்படியே விட்டுவிடக் கூடாது. இன்ஜின் சூட்டில் அது விரைவில் மஞ்சளித்து விறைத்துவிடும்.

சோப்பு நுரை தடவிப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது, ஏனெனில் உள்ளே இழுக்கும் இடத்தில் நுரை குமிழ் விடாது. மற்றொரு வழி, ஒரு கேனில் எரிபொருள் வைத்து, புதிய சிறு டியூபால் பம்புக்கு நேராகக் கொடுத்துப் பார்ப்பது. அப்போது இன்ஜின் சீராக ஓடினால், கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் இடையில்தான்.

டியூப் வெளியில் புதிதுபோல இருந்து, உள்ளடுக்கு மட்டும் பிரிந்து தொங்குவதும் உண்டு. மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. வேகம் எடுத்ததும் அந்தத் தோல் கதவுபோல மூடிக்கொண்டு எரிபொருளைத் தடுக்கும். நிறுத்திப் பார்த்தால் திறந்துகொண்டு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். பில்டரில் கறுப்புத் துகள்கள் சேர்ந்திருந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

எந்த வகை டியூபை வாங்க வேண்டும்?

டியூபின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். எதுவும் அச்சிடாத கறுப்பு டியூபை வாங்காதீர்கள். உலகெங்கும் பரவலாகக் காணப்படும் முத்திரை, அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் எஸ்.ஏ.இ. ஜே30 என்ற தரக் குறிப்பு. அதில் ஆர்6, ஆர்7 என்று இருப்பவை கார்புரேட்டர் வண்டிகளுக்கும், மிஞ்சிய எரிபொருளை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் டியூபுக்கும், ஆவிக் குழாய்க்கும் உரியவை. வழக்கமான சிறிய அளவுகளில் இவற்றின் வேலை அழுத்தம் ஏறத்தாழ 3.4 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). ஆர்9 என்று இருப்பது, எரிபொருளை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு உரியது. ஏறத்தாழ 7 பார் தாங்கும், உள்ளடுக்கு ஃப்ளூரோ ரப்பரால் ஆனது, எத்தனாலையும் வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். டேங்குக்குள் எரிபொருளில் மூழ்கியே இருக்க வேண்டிய துண்டுக்கு ஆர்10 வேண்டும். ஆர்9 உயர்ந்ததுதானே, அதையே உள்ளேயும் போடலாமே என்று எண்ணக் கூடாது. அதன் உட்புறம்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளியுறை தாங்காது. மூழ்கிக் கிடந்தால் வெளியுறை கூழாகிவிடும்.

ஏன் இந்த வேறுபாடு என்றால், டேங்க் மேலே இருந்து தானாக இறங்கும் வண்டிகளில் அழுத்தம் என்று சொல்வதற்கே ஒன்றும் இல்லை. பழைய காரின் டயாஃப்ரம் பம்ப் அரை பாருக்கும் குறைவாகவே தரும். ஆனால் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் வழக்கமாக 2.5 முதல் 4 பார் வரை இருக்கும். ஆர்7 டியூபை அங்கே போட்டால் முதல் நாள் ஒழுகாது. எல்லைக் கோட்டில் நின்று தாங்கும். வெப்பத்தில் ரப்பர் சற்றுத் தளர்ந்த ஒரு நாளில் இன்ஜின் மீது பீய்ச்சும். முதல் நாள் தாங்கிவிட்டதே என்ற நிம்மதிதான் இதில் உள்ள ஆபத்து.

ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், வாக்குவம் டியூப், பிரேக் ஹோஸ் இவற்றை எரிபொருளுக்குப் பயன்படுத்தவே கூடாது. இவற்றில் பலவும் ஈ.பி.டி.எம். என்னும் ரப்பரால் ஆனவை. தண்ணீருக்கும் பிரேக் ஆயிலுக்கும் அருமையான அந்த ரப்பர், பெட்ரோலில் ஊறிய உடனேயே உப்பிவிடும். பளபளப்பான வண்ணச் சிலிக்கான் ஹோஸும் இதற்கு ஆகாது.

நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் இன்ஜின்களிலும் காமன் ரெயில் டீசல் இன்ஜின்களிலும் உயர் அழுத்தப் பகுதி முழுதும் எஃகுக் குழாய். காமன் ரெயிலில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். அங்கே ரப்பருக்கு வேலையே இல்லை, வீட்டில் செய்யும் பழுதுக்கும் இடமில்லை. அதேபோல, விறைப்பான கறுப்பு நைலான் குழாயும் சொடுக்கி மாட்டும் இணைப்பும் இருக்கும் இடங்களில் ரப்பர் டியூபைச் செருகிக் கிளாம்ப் போடுவது சரியான மாற்று அல்ல; அந்தக் குழாயையே வாங்கி மாட்ட வேண்டும்.

அளவை எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய டியூபின் துளையை அளக்காதீர்கள். அது உப்பியோ சுருங்கியோ இருக்கும். நிப்பிளின் வெளிவிட்டத்தை வெர்னியர் காலிப்பரால், முனையிலுள்ள புடைப்பைத் தவிர்த்து அளந்து, அதே உள்விட்டமுள்ள டியூபை வாங்குங்கள். 6 மில்லிமீட்டரும் கால் அங்குலமும் ஒன்று என்று கொடுப்பார்கள். கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர், ஆகவே 6 மில்லிமீட்டர் நிப்பிளில் அது தளர்வாகவே இருக்கும். தளர்வைக் கிளாம்ப் சரிசெய்துவிடும் என்று நம்பினால், கிளாம்பின் இடுக்கில் ரப்பர் சுருங்கி மடிந்து, அந்த மடிப்பின் வழியே கசியும்.

வெடித்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டு நடுவில் ஜாயின்ட் போடலாமா?

அழுத்தம் குறைந்த கார்புரேட்டர் வண்டியில், பித்தளை ஜாயின்ட்டும் இரண்டு நல்ல கிளாம்பும் இருந்தால் தற்காலிகமாகப் போடலாம். ஆனால் ஒரு ஜாயின்ட் என்பது கசியக்கூடிய இரண்டு புதிய இடங்கள் என்பதை மறக்க வேண்டாம். இன்ஜெக்ஷன் வண்டியில் இதை நான் செய்வதில்லை, செய்யச் சொல்வதும் இல்லை.

வழியில் நிற்கிறோம், டியூப் முனையில் பிளந்து ஒழுகுகிறது. என்ன செய்வது?

முதலில் இன்ஜினை நிறுத்தி, டேங்க் வால்வு இருந்தால் மூடி, ஆட்களை விலக்கிவிட்டு, இன்ஜின் ஆறும்வரை காத்திருங்கள். பிளவு நிப்பிளின் மேல் ஏறிய முனையில் மட்டும் இருந்து, டியூபில் நீளம் மிச்சம் இருந்தால், பிளந்த பகுதியை நேராக வெட்டி எறிந்துவிட்டு மீதியை மீண்டும் ஏற்றிக் கிளாம்ப் போடலாம். அடுத்த பட்டறை வரை போவதற்கு இது போதும். அதுவும் கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும். இன்ஜெக்ஷன் வண்டியானால் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். பீய்ச்சும் பெட்ரோல் சைலன்சர் மேல் பட்டுத் தீப்பிடிப்பதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாது.

வேலையைத் தொடங்கும் முன் என்னென்ன பாதுகாப்பு வேண்டும்?

இந்தப் பதிலை மட்டுமாவது முழுதும் படியுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். காற்றில் அந்த ஆவி 1.4 சதவீதம் இருந்தாலே ஒரு பொறி போதும். அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே போய்க் கலையாது. தரையோடு தவழ்ந்து, தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். அதனால் இந்த வேலையைப் பள்ளத்துக்குள் இறங்கிச் செய்யக் கூடாது. மூடிய அறையில் செய்யக் கூடாது. பத்தடி தள்ளி ஒரு தண்ணீர் ஹீட்டரோ அடுப்போ எரிந்துகொண்டிருந்தால் அதையும் அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இன்ஜின் கைவைக்கும் அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். அழுத்தத்தை இறக்கிய பின் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஸ்பானர் தவறி எங்காவது உரசினாலும் பொறி வராது. வெளிச்சத்துக்கு எல்.இ.டி. டார்ச் வையுங்கள். சூடாகும் பழைய பல்ப் விளக்கு உடைந்தால், அதன் இழையே தீக்குச்சியாகிவிடும். உலர் பொடி தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், வண்டிக்கு அடியில் அல்ல. தண்ணீரை ஊற்றினால் பெட்ரோல் அதன் மேல் மிதந்து தீயைப் பரப்பும். டேங்கில் மிச்சமிருப்பதை வாயால் உறிஞ்சி எடுக்கும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். ஒரு மடக்கு பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் அணிவது நல்லது, படுத்துக்கொண்டு மேலே பார்த்துச் செய்யும் வேலையில் கண்ணாடி மிக அவசியம்.

டீசல் இவ்வளவு எளிதில் பற்றாது. ஆனால் டீசல் பட்ட தரை வழுக்கும், சூடான சைலன்சரில் பட்டால் அதுவும் எரியும்.

இன்ஜெக்ஷன் வண்டியில் அழுத்தத்தை எப்படி இறக்குவது?

இன்ஜினை நிறுத்திப் பல மணி நேரம் ஆன பிறகும் குழாயில் அழுத்தம் நிற்கும். அடுத்த முறை உடனே ஸ்டார்ட் ஆவதற்காக அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. முதலில் டேங்க் மூடியைத் திறந்து அங்குள்ள ஆவியழுத்தத்தை விடுங்கள். பிறகு பம்பின் ஃபியூஸையோ ரிலேவையோ எடுத்துவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். மிச்சத்தைக் குடித்துவிட்டு நின்றுவிடும். இன்னும் இரண்டு மூன்று விநாடிகள் செல்ஃப் அடித்தால் அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். டியூப் ஏற்கெனவே பீய்ச்சிக்கொண்டிருக்கும் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அங்கே வண்டியை ஓர் இரவு நிறுத்திவைத்து, இணைப்பின் மேல் தடித்த துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்லத் தளர்த்துவதே வழி. எப்படியானாலும் குழாயில் கொஞ்சம் எரிபொருள் மிச்சமிருக்கும். கீழே தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டியூப் நிப்பிளை விட்டு வரவே மறுக்கிறது. எப்படிக் கழற்றுவது?

பலர் தவறு செய்யும் இடம் இது. கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகி இழுப்பார்கள். டியூப் வராது, கார்புரேட்டரின் நிப்பிளோ டேங்க் வால்வின் பிளாஸ்டிக் மூக்கோ ஒடிந்து கையோடு வரும். மாற்றப்போகும் டியூபைக் காப்பாற்ற வேண்டிய தேவை நமக்கு இல்லை. நிப்பிளுக்குச் சற்றுத் தள்ளி டியூபைக் குறுக்கே வெட்டிவிட்டு, நிப்பிளின் மேல் மிஞ்சியிருக்கும் மோதிரம் போன்ற துண்டை நீளவாக்கில் கீறுங்கள். பிளேடைச் செங்குத்தாக அழுத்தாமல் சாய்த்துப் பிடித்து, ரப்பரின் முக்கால் ஆழம் வரை மட்டும் கீறி, மீதியை நகத்தால் பிரித்து உரியுங்கள், வாழைப்பழத் தோல்போல வந்துவிடும். அடிவரை அழுத்தினால் நிப்பிளில் ஒரு கோடு விழும். அந்தக் கோடுதான் நாளை புதிய டியூபுக்கு அடியில் பெட்ரோல் வெளியேறும் வாய்க்கால். கல்லாக இறுகியிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் சுற்றிவையுங்கள்; லைட்டரும் ஹீட் கன்னும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

கழற்றுவதற்கு முன் எது இன்ஜினுக்குப் போகும் டியூப், எது டேங்குக்குத் திரும்பும் டியூப் என்று அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். பில்டரின் மேலுள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிய டியூபை எப்படிப் பொருத்துவது? எந்தக் கிளாம்ப் நல்லது?

நீளத்தைப் பழைய டியூபைப் பார்த்து அப்படியே எடுக்காமல், ஒரு விரற்கடை கூடுதலாக வைத்துப் பொருத்திப் பார்த்து வெட்டுங்கள். இன்ஜின் ஆடும்போது டியூப் இழுபடவும் கூடாது, நீளம் மிஞ்சி மடங்கவும் கூடாது. கூர்மையான பிளேடால் ஒரே வெட்டில் நேராக வெட்ட வேண்டும்; ரம்பத்தால் அறுத்தால் ரப்பர்த் தூள் உள்ளே விழுந்து கார்புரேட்டரின் ஜெட்டில் போய் அடைக்கும். வெட்டிய டியூபை ஒருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

நிப்பிளைத் துடைத்து, துரு இருந்தால் மெல்லிய எமரித் தாளால் நீக்குங்கள். கிளாம்பை முதலில் டியூபில் கோத்துவிடுங்கள். மறந்துவிட்டு எல்லாவற்றையும் திரும்பக் கழற்றுவது புதியவர்களுக்கு வழக்கமாக நேர்வது. நிப்பிளின் மேல் அதே எரிபொருளில் ஒரு சொட்டு தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும். கிரீஸோ சோப்போ வேண்டாம். நிப்பிளின் புடைப்பைத் தாண்டி, நிப்பிள் நீளம் இடம் கொடுத்தால் 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை ஏற்றுங்கள். கிளாம்ப் உட்கார வேண்டிய இடம் புடைப்பின் மேல் அல்ல. புடைப்பைத் தாண்டிய பள்ளத்தில், டியூபின் முனையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்தள்ளி.

கிளாம்புகளில், பட்டையில் வெட்டுத் துளைகள் உள்ள சாதாரணத் திருகு வகையை எரிபொருள் டியூபுக்கு நான் விரும்புவதில்லை. இறுக்க இறுக்க அந்தத் துளைகளின் ஓரம் ரப்பருக்குள் பதிந்து வெட்டிவிடும். உட்புறம் வழவழப்பாகவும் ஓரம் வெளிப்பக்கம் மடிந்தும், சிறு போல்ட்டும் நட்டும் கொண்டதாகவும் வரும் இன்ஜெக்ஷன் கிளாம்ப் சிறந்தது. சுற்றிலும் ஒரே சீராக அழுத்தும். கார்புரேட்டர் உள்ள இருசக்கர வண்டியின் டியூபுக்கு ஸ்பிரிங் கிளாம்பே போதுமானது. பழையது தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். திருகு வகையானால், கிளாம்பின் இருபுறமும் ரப்பர் லேசாகப் புடைத்துத் தெரியும் அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்குவது வெடிப்புக்கு விதை போடுவதாகும்.

டியூப் உலோகத் தகட்டின் துளை வழியாகப் போனால் அங்கே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். கூர்மையான திருப்பம் உள்ள இடத்தில் நேர் டியூபை மடக்கிவைக்காமல், அந்த வடிவத்திலேயே வார்க்கப்பட்ட டியூபை வாங்குவது நல்லது. பில்டரையும் கையோடு மாற்றிவிடுங்கள். பழைய டியூப் உதிர்த்த துகள்கள் அதில்தான் தங்கியிருக்கும்.

சரியாகப் பொருத்திவிட்டோம் என்று எப்படி உறுதி செய்வது?

இன்ஜெக்ஷன் வண்டியானால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து சில விநாடி விட்டு அணைப்பதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். பம்ப் அழுத்தத்தை ஏற்றும். ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் வெள்ளைத் தாளை ஒற்றிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரியும். பிறகு ஸ்டார்ட் செய்து, சூடான பின் ஒருமுறையும், மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் ஒருமுறையும் பாருங்கள். சூட்டில் கசியாத இணைப்பு குளிரில் சுருங்கிக் கசிவதுண்டு. ரப்பர் அழுத்தத்துக்குப் பழகி அமுங்கும் என்பதால் ஒரு வாரம் கழித்துத் திருகு கிளாம்புகளை ஒரு சிறு அளவு இறுக்கிவிடுங்கள்.

டீசலானால் கைப்பம்பால் காற்றை முழுதும் வெளியேற்றிய பின்பே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்ஜெக்டர்களின் தலைக்கு மேல் ஓடும் மெல்லிய ரிட்டர்ன் டியூபையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நூல் சுற்றிய அந்தச் சிறு துண்டுகள்தான் டீசல் இன்ஜினில் முதலில் வெடிப்பவை.

புல் வெட்டும் இயந்திரம், மரம் அறுக்கும் இயந்திரம் போன்றவற்றில் டியூப் டேங்குக்குள்ளேயே போகிறதே?

இவற்றில் மெல்லிய டியூப் டேங்கின் துளையை இறுக்கிப் பிடித்தபடி உள்ளே போய், நுனியில் ஒரு கனமான பில்டரைத் தாங்கியிருக்கும். துளையில் நெருக்குண்டிருக்கும் இடமே முதலில் பிளக்கும். புதிய டியூபின் முனையைப் பேனா முள்போலச் சாய்வாக வெட்டித் துளையில் நுழைத்து, டேங்கின் வாய் வழியாக வளைந்த கம்பியால் பிடித்து இழுத்து, சாய்வு முனையை நேராக வெட்டிய பிறகு பில்டரை மாட்டுங்கள். பில்டர் டேங்கின் அடித்தளத்தைத் தொடும் நீளம் வேண்டும்; இயந்திரத்தை எப்படிச் சாய்த்தாலும் அது எரிபொருளைத் தேடிப் போக வேண்டும். வேலை முடிந்த பருவத்தில் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து வைக்கச் சொல்கிறார்கள். அப்படி வைத்தால் அடுத்த முறை எடுக்கும்போது காய்ந்த டியூபை வளைத்துப் பார்த்துவிட்டே எரிபொருள் ஊற்றுங்கள்.

வெடிக்காவிட்டாலும் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

வண்டியின் கையேட்டில் காலம் சொல்லியிருந்தால் அதுவே முதன்மை. சொல்லியிராவிட்டால், ஐந்தாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு சர்வீஸிலும் வளைத்துப் பார்ப்பதும், சந்தேகம் வந்த அன்றே மாற்றுவதும் என் வழக்கம். பல டியூபுகளில் தயாரித்த ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். கடையில் வாங்கும்போதே அதைப் பாருங்கள். அலமாரியில் கிடந்து முதுமையடைந்த டியூபைப் புதிது என்று பொருத்துவதில் பயனில்லை.

எல்லா டியூபையும் மாற்றிய பிறகும் பெட்ரோல் வாடை வருகிறது. என்ன விட்டுப்போயிற்று?

வாடை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். டேங்கை நிரப்பிய நாளில் மட்டும் வந்தால், பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் இடையிலுள்ள தடித்த ரப்பர் ஹோஸையும், அதன் பக்கத்தில் ஓடும் மெல்லிய காற்றுப்போக்கி டியூபையும் பாருங்கள்; எரிபொருள் மட்டம் உயரும்போதுதான் அங்குள்ள வெடிப்பு நனையும். வெயிலில் நிறுத்திய பிறகு வந்தால், டேங்கின் ஆவியைக் கரித்தூள் பெட்டிக்குக் கொண்டுபோகும் டியூபில் குறை இருக்கலாம். காரில் பின் இருக்கையின் பக்கம் வாடை அடித்தால், டேங்கின் மேலுள்ள பம்ப் மூடியின் ரப்பர் வளையமும் அங்கே மாட்டியிருக்கும் துண்டு டியூபுகளும் பழையபடியே இருக்கக்கூடும். பல கார்களில் இருக்கைக்கு அடியில் ஒரு தகட்டு மூடி இருக்கும். அதைத் திறந்தால் அவை கண்ணுக்குத் தெரியும். மூடி இல்லாத கார்களில் டேங்கை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.